சுறா என்ன தின்ன வருகிறது? கடலில் இறங்குபவருக்கு ஒரு முழு வழிகாட்டி

மாலத்தீவுக்கோ அந்தமானுக்கோ விடுமுறைக்குக் கிளம்புகிறவர்களும், ஆஸ்திரேலியாவில் குடியேறிய நம்மவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அங்கே சுறா இருக்குமா?" கடல் என்றால் சுறா இருக்கத்தான் செய்யும். கேட்க வேண்டியது வேறு. அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்தச் சுறா என்ன தின்ன வந்திருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் எப்போது தைரியமாக இறங்கலாம், எப்போது கரையிலேயே இருந்துவிடலாம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

எண்களை முதலில் பார்த்துவிடலாம். புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலகெங்கும் நடக்கும் சுறாக் கடிகளுக்குப் பதிவேடு வைத்திருக்கிறது. மனிதர் சீண்டாமலே சுறா கடித்த நிகழ்வுகள் 2023இல் 69. அவற்றில் இறந்தவர் 10 பேர். 2024இல் 47 கடிகள், 4 மரணங்கள். கோடிக்கணக்கானோர் கடலில் இறங்கும் உலகத்தில் இது மிகச் சிறிய எண்தான். ஆனாலும் "மின்னல் தாக்கிச் சாகும் வாய்ப்பே அதிகம்" என்று சொல்லி ஆறுதல் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. உலக சராசரி உங்கள் கடற்கரைக்குப் பொருந்தாது. ஆபத்து சில இடங்களில், சில மணி நேரங்களில் குவிந்து கிடக்கிறது. மற்ற இடங்களில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்தக் குவியல் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

முதல் படி: எந்தச் சுறா, அதன் இரை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சுறாக்களில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவற்றின் வாய்க்கு மனிதன் பொருந்தவே மாட்டான். உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கிலச் சுறா வாயைத் திறந்தபடி நீந்தி, மிதவை உயிரிகளையும் மீன் முட்டைகளையும் வடிகட்டித் தின்கிறது. பேருந்து நீளம் இருந்தாலும் அதன் பக்கத்தில் நீந்துவதில் கடிக்குப் பயமில்லை. வால் அடித்துவிடாமல் தள்ளி இருந்தால் போதும். இந்தியாவில் 2001 முதல் இது சட்டப் பாதுகாப்பு பெற்ற உயிரினம். சுறாக் குடும்பத்தில் புல் தின்பதும் உண்டு. சுத்தியல் தலைச் சுறாவின் சிறிய உறவான ஒரு இனம் கடற்புல்லைத் தின்று செரிக்கவும் செய்கிறது என்று 2018இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நம் கரையில் கொம்பன் சுறா என்று சொல்லப்படும் சுத்தியல் தலைச் சுறாவுக்குத் திருக்கை என்றால் உயிர். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையைத் தலையின் கீழ்ப்பக்கத்தால் மோப்பம் பிடிக்கும் (சரியாகச் சொன்னால் மின்னதிர்வால் உணரும், அதைப் பின்னால் பார்ப்போம்). அப்புறம் அந்த அகலத் தலையாலேயே திருக்கையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, செட்டையின் ஓரத்தைக் கடித்து எடுக்கும். செட்டை போன திருக்கையால் நீந்த முடியாது. இவ்வளவு நுணுக்கமாக ஒரே இரையைப் பிடிக்கப் பழகிய மீனுக்கு நீந்தும் மனிதனிடம் என்ன வேலை?

மனித உயிருக்கு ஆபத்து என்று பேசும்போது முக்கியமாக மூன்று இனங்கள் வரும்: வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா. மரணங்களில் பெரும்பகுதி இந்த மூன்றின் கணக்கில்தான் விழுகிறது. ஒவ்வொன்றும் உண்ணும் விதம் வேறு, அதனால் ஆபத்தும் வேறு.

வெள்ளைச் சுறா இளமையில் மீனும் திருக்கையும் தின்கிறது. மூன்று மீட்டர் நீளத்தைத் தாண்டி வளர்ந்ததும் கடல்நாய் போன்ற கொழுப்பு மிகுந்த விலங்குகளின் பக்கம் திரும்புகிறது. கடல்நாய்க்குப் பல்லும் நகமும் உண்டு. அதோடு மல்லுக்கு நின்றால் சுறாவின் கண் போய்விடலாம். அதனால் கீழிருந்து ஒரே பாய்ச்சலில் மேலே வந்து பலமாக ஒரு கடி கடிக்கும். ரத்தம் வடிந்து இரை ஓய்ந்த பிறகே தின்ன வருவதும் உண்டு. மனிதரைக் கடித்த வெள்ளைச் சுறா பெரும்பாலும் ஒரே கடியோடு போய்விடுவது இந்தப் பழக்கத்தோடு பொருந்துகிறது. அந்த ஒரு கடியில் தொடை ரத்தக்குழாய் அறுந்துவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். வெள்ளைச் சுறா ஒருமுறை வயிறாரத் தின்றால் ஒன்றரை மாதம் தாங்கும் என்று முன்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2013இல் அதைத் திருத்தியது: ஏறத்தாழ இரண்டு வாரம்தான்.

புலிச் சுறா எதையும் விடாது. ஆமை, கடல் பாம்பு, பறவை, செத்த திமிங்கிலம், கூடவே டயரும் வாகன எண் பலகையும் அதன் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. 1935 ஏப்ரலில் சிட்னியின் கூஜி பகுதியில் காட்சிக்கு வைத்திருந்த ஒரு புலிச் சுறா, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனிதக் கை ஒன்றைக் கக்கியது. அந்தக் கையில் இருந்த பச்சைக் குத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். அது கொலை வழக்காகவே மாறியது. கை கத்தியால் வெட்டப்பட்டது, சுறா கடித்ததல்ல என்று தெரிந்தது. புலிச் சுறா அவசரப்படாமல் வட்டமிட்டு வந்து சோதிக்கும், விரட்டினாலும் திரும்பி வரும்.

மூன்றில் நான் அதிகம் அஞ்சுவது காளைச் சுறாவுக்குத்தான். உப்பு நீரிலும் நன்னீரிலும் வாழக்கூடிய உடலமைப்பு அதற்கு. 1937இல் மிசிசிப்பி ஆற்றில் ஏறி, கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இல்லினாய் மாநிலத்தில் ஒன்று பிடிபட்டது. கலங்கிய கழிமுகமும் ஆழமில்லாத கரையோரமும்தான் அதன் வேட்டைக்களம். நாம் குளிக்கும் இடமும் அதுவே.

நடுக்கடலில் வெண்ணுனித் துடுப்புச் சுறாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே இரை அரிது. எதிரே வரும் எதையும் முட்டிப் பார்க்காமல் அது விடாது. 1945 ஜூலை 30இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் போர்க்கப்பல் மூழ்கியபோது, நாட்கணக்கில் தண்ணீரில் மிதந்த மாலுமிகளைச் சுற்றிச் சுறாக்கள் திரண்டன. கப்பலில் இருந்த சுமார் 1,200 பேரில் கரை சேர்ந்தவர்கள் 316 பேர். தாகமும் வெயிலும் காயமும் கொன்றவர்களே மிக அதிகம் என்றாலும், சுறாக்களும் பலரைக் கொண்டுபோயின. கப்பல் கவிழ்ந்தவருக்கும் கரையில் குளிப்பவருக்கும் உள்ள ஆபத்தை ஒரே தட்டில் வைக்க முடியாது.

இரண்டாம் படி: அது உங்களை எப்படி அறிகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் பல மைல் தூரத்துச் சுறா ஓடி வரும் என்பது கட்டுக்கதை. வாசனை நீரோட்டத்தோடுதான் போகும். ஓட்டம் சாதகமாக இருந்தால் சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் சுறா அதைப் பிடிக்கும். அதை அதிகம் இழுப்பது மீனின் ரத்தமும் குடலும் கொழுப்பும்தான். காயத்தோடு இறங்க வேண்டாம் என்பதை நானும் சொல்வேன். ஆனால் ஈட்டியால் குத்திப் பிடித்த மீனை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்துவது அதைவிடப் பல மடங்கு பெரிய அழைப்பு.

தூரத்திலிருந்து சுறாவை வரவழைப்பது ஒலி. அடிபட்ட மீன் துடிக்கும்போது எழும் தாழ்ந்த, விட்டுவிட்டு வரும் அதிர்வு அதற்கு நன்றாகக் கேட்கும். பக்கத்தில் வந்ததும் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு நீரின் அசைவை உணர்த்தும். அதன்பின் கண். கடைசி அரை மீட்டரில் வேலை செய்வது மின்னுணர்வு. சுறாவின் மூக்கைச் சுற்றி மயிர்க்கால் போலச் சின்னஞ்சிறு துளைகள் இருக்கும். உள்ளே கூழ் போன்ற பொருள். இத்தாலிய மருத்துவர் லோரென்சினி 1678இல் இவற்றை விவரித்தார், அவர் பெயரையே அவற்றுக்கு வைத்தார்கள். தசை அசையும்போது எழும் மிக மெல்லிய மின்புலத்தை இவை பிடித்துவிடும். வெள்ளைச் சுறா கடிக்கும் கணத்தில் கண்ணைக் காப்பதற்காகப் பின்னால் உருட்டிக்கொள்ளும். அந்த நொடி அதற்குப் பார்வை கிடையாது, மின்னுணர்வுதான் வழிகாட்டி. உப்பு நீரில் இரும்பு மின்புலத்தை உண்டாக்குவதால்தான் பக்கத்தில் இருக்கும் இரையை விட்டுவிட்டுக் முக்குளிப்பவர் இருக்கும் கூண்டின் கம்பியையோ படகின் எந்திரத்தையோ போய்க் கடிக்கிறது.

அப்படியானால் மனிதனைக் கடிப்பது ஆள் மாறாட்டமா? சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தினர் 2021இல், இளம் வெள்ளைச் சுறாவின் பார்வைத் திறனைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். கீழிருந்து பார்க்கையில் நீந்துபவரும், சறுக்குப் பலகையில் படுத்திருப்பவரும், கடல்நாயும் அதற்கு ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. இது பாதி உண்மை என்றே நினைக்கிறேன். கடல்நாய் மேல் பாயும் வேகம் பல மனிதக் கடிகளில் இல்லை. மெதுவாக வந்து, கடித்துப் பார்த்து, போய்விடுகிறது. அது என்னவென்று அறியும் கடி. காளைச் சுறாவுக்கோ கலங்கல் நீரில் உருவமே தெரியாது. அசைவு தெரிந்ததும் கடிக்கிறது.

மூன்றாம் படி: இடத்தையும் நேரத்தையும் படியுங்கள்

பிரேசிலின் ரெசிஃபே நகரத்தை விட நல்ல பாடம் இதற்குக் கிடைக்காது. போவா வியாஜெங் அந்த நகரத்தின் முக்கியக் கடற்கரை. வரிசையாக அடுக்குமாடிகள், இளநீர்க் கடைகள், அவற்றுக்கு நடுவே சுறா எச்சரிக்கைப் பலகைகள். 1992க்கு முன் அங்கே சுறாக் கடி என்பது பேச்சிலேயே இல்லை. அதன் பிறகு 60க்கும் மேற்பட்ட நிகழ்வுகள், அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரணம்.

என்ன மாறியது? நகரத்துக்குத் தெற்கே சுவாபே துறைமுகம் வந்தது. அதற்காகக் கழிமுகங்கள் அடைக்கப்பட்டன, அலையாத்திக் காடுகள் அழிக்கப்பட்டன. காளைச் சுறாக்கள் குட்டி போடவும் இரை தேடவும் பயன்படுத்திய இடங்கள் அவை. அங்கே வழி அடைபட்ட சுறாக்கள் வடக்கே நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த கழிமுகத்தை நாடியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த ஆற்றில் நகரத்துக் கழிவும் அறுப்புக்கூடக் கழிவும் கலந்துகொண்டிருந்தன. கப்பல்களின் பின்னாலேயே வரும் புலிச் சுறாக்களும் சேர்ந்துகொண்டன. கடற்கரையை ஒட்டி, கரைக்கு இணையாக ஓர் ஆழமான வாய்க்கால் வேறு ஓடுகிறது. சுறாவுக்கு அது ராஜபாட்டை.

அங்கே சில பகுதிகளில் கரைக்கு முன்னால் பாறைத் திட்டு இருக்கிறது. கடல் வற்றும்போது திட்டுக்குள் தேங்கும் நீரில் குழந்தைகள்கூட விளையாடுகிறார்கள். கடல் ஏறும்போது திட்டு மூழ்கிவிடும், சுறா உள்ளே வரும். ஒரே கடற்கரை, ஒரே நாள், இரண்டு வேறு ஆபத்து. 1995இல் அங்கே அலைச்சறுக்குக்குத் தடை வந்தது. 2004இலிருந்து ஆய்வாளர்கள் கரைக்கு அருகே சுறாக்களைப் பிடித்து, உயிரோடு ஆழ்கடலுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வேலை நடந்த மாதங்களில் கடிகள் வெகுவாகக் குறைந்தன.

பிரான்ஸ் ஆளுகையில் உள்ள ரீயூனியன் தீவும் இதே போன்ற ஒரு கொடுமையைக் கண்டது. தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் தீவு அது. 2011 முதல் 2019 வரை 11 பேர் சுறாக்களால் இறந்தார்கள். 2013இல் காயலுக்கும் கண்காணிக்கப்படும் பகுதிகளுக்கும் வெளியே குளிப்பதையே அரசு தடை செய்தது. அங்கேயும் முக்கியக் குற்றவாளிகள் காளைச் சுறாவும் புலிச் சுறாவும்தான்.

இதற்கு நேர்மாறு புளோரிடாவின் நியூ ஸ்மிர்னா கடற்கரை. உலகிலேயே கடிகளின் எண்ணிக்கை அதிகமுள்ள இடங்களில் ஒன்று. ஆனால் கடிப்பது பெரும்பாலும் சிறிய கருநுனிச் சுறா. மடவைக் கூட்டத்தைத் துரத்தி ஆழமில்லாத கலங்கல் நீருக்குள் வரும், பளிச்சிடும் பாதத்தை மீன் என்று கவ்வும், உடனே விட்டுவிடும். தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஆக, "இத்தனை கடிகள்" என்ற எண்ணை மட்டும் பார்த்து ஓர் இடத்தை எடை போடாதீர்கள். எந்தச் சுறா, எதைத் துரத்தி வந்தது என்று சேர்த்துக் கேளுங்கள்.

நான்காம் படி: சுறாவுக்கு யார் பந்தி போடுகிறார்கள் என்று விசாரியுங்கள்

மாலத்தீவின் தெற்கே புவமுலா தீவில் மீனவர்கள் மீன் கழிவைத் துறைமுக வாயிலில் கொட்டிவந்தார்கள். இன்று அங்கே புலிச் சுறாக்கள் வாடிக்கையாக வருகின்றன. அதைப் பார்க்கவே உலகெங்கிலுமிருந்து முக்குளிப்பவர்கள் போகிறார்கள். தேர்ந்த வழிகாட்டியோடு, கூட்டமாக, கண்ணைச் சுறாவின் மேலிருந்து எடுக்காமல் இறங்குவது ஒரு விஷயம். துறைமுகப் பக்கத்தில் தனியாக நீந்தப் போவது முற்றிலும் வேறு விஷயம்.

எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் 2010 டிசம்பரில் சில நாட்களுக்குள் பலர் கடிபட்டார்கள், ஒருவர் இறந்தார். கால்நடைக் கப்பல்கள் இறந்த ஆடுகளைக் கடலில் எறிந்ததும், சுற்றுலாப் படகுகள் மீன்களுக்குத் தீனி போட்டதும் காரணமாகப் பேசப்பட்டன. நீங்கள் தங்கும் இடத்தில் விடுதி ஊழியர் படித்துறையில் நின்று மீனுக்கு மிச்ச உணவைப் போடுகிறாரா? அங்கே இறங்காதீர்கள். வெறும் பால் சுறாக் குட்டிதான் வருகிறது என்பார்கள். குட்டி மீனுக்குப் போட்டதைத் தின்னப் பெரியது எந்த நாளில் வரும் என்று அவர்களால் சொல்ல முடியாது.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் சுறா பயத்துக்குக் கடல்கட்டி என்னும் மந்திரக்காரரை வைத்திருந்தார்கள். வாய் கட்டும் மந்திரம் சொல்லாமல் குளியாட்கள் இறங்க மறுத்தார்கள் என்பதால் ஆங்கிலேய அரசே அந்த மந்திரக்காரர்களுக்குக் கூலி கொடுத்தது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவும் இந்த வழக்கத்தைக் குறித்திருக்கிறார். கிடைக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு. நம் கரைகளில் குளிப்பவரைச் சுறா கடிப்பது இன்று மிக மிக அரிது. மீனவர் கடிபடுவது வேறு வகை: வலையிலோ தூண்டிலிலோ சிக்கிய சுறாவைப் படகில் ஏற்றும்போது, செத்துவிட்டது என்று நினைத்துத் தூண்டிலைக் கழற்றும்போது.

ஐந்தாம் படி: இறங்கும் முன் ஐந்து நிமிடம் கரையில் நில்லுங்கள்

கடலைப் பாருங்கள். பறவைகள் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழுகின்றனவா, சிறு மீன்கள் நீருக்கு மேலே தெறிக்கின்றனவா? அடியில் பெரிய மீன் துரத்துகிறது. மழை பெய்து ஆறு சிவந்து இறங்குகிறதா? கழிமுகத்திலிருந்து தள்ளிப் போங்கள், தண்ணீர் தெளியும்வரை சில நாள் விடுங்கள். டால்பின் இருந்தால் சுறா இருக்காது என்று நம்பாதீர்கள். இரண்டுக்கும் இரை ஒன்றே. கரைக்குப் பக்கத்தில் செத்த திமிங்கிலம் ஒதுங்கியிருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்தபின்னும் வேண்டாம். மங்கலான ஒளியில் சுறாவின் கண் நன்றாக வேலை செய்யும், நம் கண் செய்யாது. தனியாகப் போகாதீர்கள். பளபளக்கும் கொலுசு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்; கலங்கல் நீரில் அவை மீன் செதிலாக மின்னும். தூண்டில் போடுகிறவர் பக்கத்தில் நீந்தாதீர்கள்.

வலை கட்டியிருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். சிட்னிப் பக்கம் 1937 முதல் போடப்படும் சுறா வலை, 150 மீட்டர் நீளமும் 6 மீட்டர் உயரமும் உள்ள ஒரு துண்டு வலைதான். சுற்றிலும் மேலும் திறந்தே இருக்கிறது. கரையிலிருந்து திரும்பும் வழியில் அதில் சிக்குகிற சுறாக்களும் உண்டு. ஆமையும் டால்பினும் திருக்கையும் அதில் மாட்டிச் சாவதை நினைத்தால் மனம் கனக்கிறது. மனிதர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 கோடி சுறாக்களைக் கொல்கிறோம் என்று 2024இல் வெளியான கணக்கு சொல்கிறது. பீலி எனப்படும் துடுப்புக்காகவும் இறைச்சிக்காகவும் கொல்வது அதில் பெரும்பங்கு. காவலுக்கு ட்ரோன் பறக்கும் கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் யோசனை. சுறாவுக்கும் கேடில்லை, உங்களுக்கும் நிஜமான எச்சரிக்கை கிடைக்கும்.

மின்புலம் எழுப்பும் விரட்டிக் கருவிகளில் ஒன்றிரண்டு ஓரளவு பலன் தருகின்றன. ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 2018இல் சோதித்தவற்றில் சிறந்தது, வெள்ளைச் சுறா இரையை எடுக்கும் அளவை 96 விழுக்காட்டிலிருந்து 40ஆகக் குறைத்தது. அதே சோதனையில் காந்தப் பட்டையும் வாசனை மெழுகும் பெரிதாக எதையும் செய்யவில்லை. காசை அதில் போடாதீர்கள்.

ஆறாம் படி: சுறா எதிரே வந்துவிட்டால்

முதலில் அதைப் பாருங்கள், பார்த்துக்கொண்டே இருங்கள். பின்னாலிருந்தும் கீழிருந்தும் வருவதுதான் அதன் வேட்டை முறை. தன்னைக் கவனிக்கும் ஒன்றை நெருங்க அது தயங்கும். முதுகைக் காட்டி அடித்துப் பிடித்து நீந்தாதீர்கள். அந்தத் துடிப்பு அடிபட்ட மீனின் துடிப்பு. நிமிர்ந்து, நிதானமாக, அதை நோக்கியபடியே கரைக்கோ படகுக்கோ பின்வாங்குங்கள். இருவர் இருந்தால் முதுகோடு முதுகு சேருங்கள். கையில் மீன் இருந்தால் விட்டுவிட்டு விலகுங்கள்.

முதுகை வளைத்து, பக்கத் துடுப்புகளைக் கீழே தொங்கவிட்டு விறைப்பாக நீந்துகிறது என்றால் அது எரிச்சலில் இருக்கிறது. இடத்தைக் காலி செய்யுங்கள். கிட்டே வந்து முட்டினால் கேமராவோ பலகையோ எது கையில் இருக்கிறதோ அதை இடையில் நீட்டுங்கள். கவ்விவிட்டால் செத்ததுபோல் கிடக்காதீர்கள். கண்ணையும் செவுளையும் குறிவைத்துப் பலமாகத் தாக்குங்கள், விரலால் தோண்டுங்கள். மூக்கில் குத்தச் சொல்வார்கள். மூக்குக்கு அடியிலேயே வாய் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஏழாம் படி: கடித்துவிட்டால் ரத்தத்தை நிறுத்துங்கள்

சுறாக் கடியில் சாகிறவர் பெரும்பாலும் ரத்தம் போய்ச் சாகிறார். அதனால் காப்பாற்ற வேண்டியவர் கரையில் நிற்கும் நண்பர்தான், மருத்துவர் அப்புறம்தான்.

ஆளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்ததும் காயத்தை அழுத்துங்கள். கால் கடிபட்டு ரத்தம் பீறிட்டால் ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, இடுப்பெலும்பின் முன்முனைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே, தொடை மடிப்பில், முஷ்டியை வைத்து உங்கள் உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்துங்கள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2021இல் இதைச் சோதித்தது. முஷ்டியால் அழுத்தியபோது காலுக்குப் போகும் ரத்தம் ஏறத்தாழ 90 விழுக்காடு நின்றது. சறுக்குப் பலகைக் கயிற்றால் கட்டியபோது பாதிகூட நிற்கவில்லை. ஈர உடையின் மேலேயே அழுத்தலாம், கழற்ற வேண்டாம். ஒருவர் அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் அவசர எண்ணுக்கு அழைக்கட்டும்: இந்தியாவில் 112 அல்லது 108, ஆஸ்திரேலியாவில் 000.

ரத்த ஓட்டத்தை நிறுத்த முறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டை இருந்தால் காயத்துக்கு மேலே நான்கு விரல் தள்ளி, மூட்டின் மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கடுமையாக வலிக்கும், கதறுவார்கள், தளர்த்தாதீர்கள். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், போர்த்திச் சூடாக வையுங்கள்.

சின்னக் கடிதானே என்று பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு அறைக்குப் போய்விடாதீர்கள். சுறாவின் வாயிலும் கடல் நீரிலும் விப்ரியோ போன்ற கிருமிகள் உண்டு. எல்லா ஆன்டிபயாட்டிக்கும் அவற்றைப் பிடிக்காது. மருத்துவமனையில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: கடலில் பட்ட காயம், சுறா கடித்தது, இத்தனை மணிக்கு. பல்துண்டு உள்ளே ஒடிந்து தங்கியிருக்கலாம் என்பதால் எக்ஸ்ரே எடுக்கவும், டெட்டனஸ் ஊசி போடவும் கேளுங்கள்.